எடை தெரிகிறது, நஞ்சு தெரியவில்லை

குளிர்காலம் வந்துவிட்டால் தில்லியின் காற்றுத் தரக் குறியீடு நாடெங்கும் பேசுபொருளாகிவிடுகிறது. அந்த எண் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்போர் மிகச் சிலரே.

தானியங்கி நிலையங்கள் நுண்துகள்களின் எடையை அளக்கின்றன. அவற்றின் உட்பொருளை அறிவதில்லை. புழுதியிலுள்ள சிலிக்காவும், பழைய பேட்டரிகளை உருக்கும் உலையிலிருந்து எழும் ஈயமும் அக்கருவிக்கு ஒன்றே. நம் உடலுக்கு அவை ஒன்றல்ல. ஈயம் கால்சியத்தைப் போல வேடமிட்டு எலும்பில் குடியேறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்குகிறது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரநிலை 12 மாசுகளைப் பட்டியலிடுகிறது. பி.எம். 2.5 துகளுக்கான ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். ஆர்சனிக்குக்கு 6 நானோகிராம். அதாவது ஆர்சனிக்கின் வரம்பு, துகளுக்கான வரம்பில் ஆறாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆர்சனிக் தன் வரம்பைப் போலப் பத்து மடங்கு பெருகினாலும், துகளின் எடையை வைத்துக் கணிக்கும் குறியீடு அசையாது. ஆர்சனிக்கும் நிக்கலும் குறியீட்டில் இடம்பெறவே இல்லை. ஈயம் இடம்பெற்றிருந்தும், உடனுக்குடன் வெளியாகும் எண்ணில் அது சேர்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 5 நானோகிராம் என இலக்கு வைத்த காட்மியத்துக்கு நம் தரநிலையில் ஒரு வரிகூட இல்லை.

துகள் குறைந்தால் உலோகமும் தானே குறையாதா என்பார்கள். எல்லா மூலங்களும் ஒரே அளவில் குறைந்தால் குறையும். ஆனால் 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நிதியின் பெரும்பகுதி சாலைப் புழுதியை அடக்கவே சென்றிருக்கிறது. தண்ணீர் தெளித்தால் பி.எம். 10 குறையும், நகரம் தேர்ச்சி பெறும். மின்னணுக் கழிவை எரிக்கும் சந்தும், இரவில் புகையும் உருக்காலையும் அப்படியே இருக்கும். எடையை இலக்காக வைத்தால் எடை மிகுந்ததே குறைக்கப்படும். நஞ்சு மிகுந்தது தப்பிக்கும்.

செலவு அதிகம் என்பது அடுத்த வாதம். தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தின் கைமுறை நிலையங்கள் வாரம் இருமுறை வடிதாளில் துகளைச் சேகரிக்கின்றன. எடை பார்த்த அதே தாளின் ஒரு துண்டை அமிலத்தில் கரைத்து உலோகங்களை அளக்கலாம். அதற்கான கருவிகள் நம் ஐஐடிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன. பணத்தைவிட, அளக்க வேண்டும் என்ற ஆணையே இங்குக் குறைவு.

கல்விப்புலமும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. சில வாரங்கள் மாதிரி எடுத்து, ஆபத்து மதிப்பீட்டுச் சூத்திரத்தில் எண்களை இட்டு, 'மேலும் ஆய்வு தேவை' என்று முடியும் கட்டுரைகளால் எந்த உலையும் அணையாது. அத்தரவுகள் கூலித் தொழிலாளர் வாழும் தெருவின் பெயரோடு பொதுவெளிக்கு வரவேண்டும்.

பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்தை இந்நாடு 2000ஆம் ஆண்டில் நீக்கியது. 'புகையைக் குறைப்போம்' என்று பொதுவாகச் சொல்லி அது நிகழவில்லை. நஞ்சைப் பெயர் சொல்லிச் சுட்டியதால் நிகழ்ந்தது. எனவே கோரிக்கை எளிது: ஒவ்வொரு நகரமும் தன் காற்றிலுள்ள ஈயம், ஆர்சனிக், நிக்கல், காட்மியம், குரோமியம் அளவுகளை மாதந்தோறும் வெளியிட வேண்டும். தூய காற்று நிதியும் அந்த அளவுகளைக் கொண்டே பகிரப்பட வேண்டும்.