முட்டை விலை 6 ரூபாயைத் தாண்டினால்... வீட்டில் 10 கோழி வளர்ப்பது லாபமா?

நாமக்கல் மண்டலத்தில் முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலை 2025 நவம்பரில் 6 ரூபாயைத் தாண்டியது. கடைக்கு வரும்போது விலை இன்னும் கூடும். விலை ஏறும்போதெல்லாம் சேலம், நாமக்கல் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்: ‘பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு, பத்து கோழி வாங்கி விட்டா என்ன?’

விடலாம். ஆனால், முட்டைச் செலவைக் குறைக்கத்தான் என்றால் கணக்கு உதைக்கிறது.

பண்ணைகளில் இருக்கும் வெள்ளைக் கோழி ஒரு நாளைக்கு சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். 10 கோழிக்கு 1.1 கிலோ. சில்லறையில் கிலோ 35 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். தினமும் 38 ரூபாய் 50 காசு. 8 முட்டை கிடைத்தால், தீவனத்துக்கு மட்டுமே முட்டைக்கு 4 ரூபாய் 80 காசு ஆகிவிடுகிறது. கோழி விலை, கூண்டு, தடுப்பூசி எல்லாம் தனி. குஞ்சாக வாங்கினால் முதல் முட்டைக்கு 18 முதல் 20 வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை செலவு மட்டும்தான், வரவு கிடையாது.

பண்ணைக்காரர்கள் மக்காச்சோளம், சோயாவை மொத்தமாக வாங்கித் தாங்களே அரைக்கிறார்கள். தினமும் 5 கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிற ஊர் அது. 2025 ஜூனில் அமெரிக்காவுக்கே ஒரு கோடி முட்டை அனுப்பியது. அந்த ஊரோடு விலையில் போட்டி போட பத்து கோழியால் முடியாது.

‘பழைய கோழி சீப்பா கிடைக்குது’ என்று யாராவது சொன்னால் உஷார். சுமார் 72 முதல் 80 வார வயது வரை முட்டையிட்டு முடித்ததும் பண்ணைகள் கழித்துவிடும் கோழிகள் அவை. முட்டை இனி குறையத்தான் செய்யும்.

அப்படியென்றால் நாட்டுக்கோழி?

சிறுவிடை, பெருவிடை போன்ற நம்ம ஊர் கோழிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைதான் இடும். பத்து கோழி இருந்தாலும் நாளுக்கு சராசரியாக இரண்டு முட்டை. அதோடு அடைக்கு உட்கார்ந்துவிட்டால் முட்டை நின்றுவிடும். முட்டைக்காக வளர்ப்பவருக்கு இது எரிச்சல். குஞ்சு பொரிக்க நினைப்பவருக்கோ அதுதான் முதலீடு, ஏனென்றால் நாட்டுக்கோழியில் காசு முட்டையைவிடக் குஞ்சிலும் சேவலிலும்தான் இருக்கிறது. மேய்ந்து திரிந்து புழு, பூச்சி, சிந்திய தானியம் பொறுக்கினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். நாலு பக்கமும் சுவர் எழுப்பிய டவுன் வீட்டில் அது நடக்காது.

இரண்டுக்கும் நடுவில் கிராமப்பிரியா என்ற ரகம் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்காகவே உருவாக்கியது. நாட்டுக்கோழியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் முட்டையிடும். வீட்டுத் தேவைக்கு முட்டைதான் முக்கியம், மேயவும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்பவர்களுக்கு இதுவே பொருத்தம்.

எந்த ரகமானாலும் ஒரு நாள் குஞ்சாக வாங்கிப் பழகுவது முதல் முறை வளர்ப்பவருக்கு ரிஸ்க். ஆதரவற்ற பெண்களுக்கு 50% மானியத்தில் தலா 40 நாட்டுக்கோழிகள் தரும் தமிழக அரசின் திட்டத்தில்கூட 4 வாரம் வளர்ந்த குஞ்சுகளைத்தான் கொடுத்தார்கள். முதல் வாரங்களில் வெதுவெதுப்பு குறைந்தாலே குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று குவிந்து சாகும்.

அதற்கடுத்த பயம் வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் ஓரிரு நாளிலேயே கூண்டைக் காலி செய்துவிடும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரம் வாக்கில் ஊசி. சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. பத்து கோழிக்காரர் தனியாக வாங்குவது வீண். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் இரு வாரங்களில் கால்நடை பராமரிப்புத் துறையே இலவச முகாம் நடத்துகிறது.

இந்த மாவட்டங்களில் பத்து கோழி என்பது சொந்த விஷயம் மட்டுமில்லை. பறவைக் காய்ச்சல் உறுதியானால், மத்திய அரசின் செயல்திட்டப்படி சுற்றி 1 கி.மீ. தூரத்தில் உள்ள வளர்ப்புப் பறவைகள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். பண்ணைக் கோழி, வீட்டுக் கோழி என்ற பேதம் அதில் இல்லை. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நோய் வந்தபோது, எங்கோ இருக்கும் நாமக்கல்லிலும் முட்டை விலை சரிந்தது. அதனால் பக்கத்தில் பண்ணை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூண்டு வாங்க வேண்டும். திடீரென நாலைந்து கோழி செத்தால் குப்பையில் வீசக் கூடாது, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் யாராவது கோழிப்பண்ணையில் வேலை செய்தால் இந்த யோசனையே வேண்டாம். செருப்பிலும் துணியிலும் நோய்க் கிருமி போய்வரும் என்பதால், ஊழியர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்பது பண்ணைகளுக்கான உயிரிப் பாதுகாப்பு வழிமுறைகளில் வழக்கமான விதி.