காவல் நீங்கிய இடம்

ஒரு நோயைத் தீர்க்கும் மருந்தே பிறிதொரு நோய்க்கு வழிவிடுதலும் உண்டு. அன்ரிபயோட்டிக் உட்கொண்ட பெண்களிற் சிலர், சில நாட்களில் பிறப்புறுப்பில் அரிப்பும் எரிவும் கண்டு அஞ்சுகின்றனர். நாணத்தால் எவரிடமும் கூறாது வருந்துகின்றனர். இதில் நாணுதற்கு யாதுளது?

அவ்விடத்தில் இயல்பாக வாழும் நற்பற்றீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கிக் காவல் புரிகின்றன. மருந்தோ பகைவரோடு இக்காவலரையும் மாய்த்துவிடக்கூடும். கன்டிடா என்னும் மதுவம் பங்கசு இனத்தது. பற்றீரியாவைக் கொல்லும் மருந்து அதனைத் தீண்டாது. ஆதலின் காவல் நீங்கிய இடத்தில் அது பெருகுகின்றது.

பங்கசுக்கு மாற்று மருந்து கண்டோர் இரு பெண்மணிகள். நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்த எலிசபெத் ஹேசனும் றேச்சல் பிறவுணும், வர்ஜீனியாப் பண்ணையொன்றின் மண்ணிலிருந்து பெற்ற நிஸ்டற்றினை 1950இல் அறிவித்தனர். அதனால் வந்த உரிமைப் பணத்தையும் தமக்கென எடாது ஆராய்ச்சிக்கே ஈந்தனர்.

வைரசினால் வரும் தடிமனுக்கு நாம் அன்ரிபயோட்டிக் கேட்டல் வேண்டா. வைத்தியர் தந்ததை நாமாக இடையில் நிறுத்தவும் வேண்டா. அரிப்புக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆதலின் வைத்தியரிடமே காட்டுவோம். மகள் தாயிடம் இதனைத் தயங்காது கூறக்கூடிய இல்லங்களையே நாம் ஆக்குதல் வேண்டும்.