நெவர்விண்டரின் நிழல் ஊர்: விளையாடலாமா, கூடாதா?



சென்ற மாதச் சுவரிதழில் "பேய் விளையாட்டு நமக்குத் தேவையா?" என்று ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருவர் எழுதியிருந்தார். மதிய இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே ஐந்து பேர் உட்கார்ந்து, மாமிசம் விற்கும் பிணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பயந்துவிட்டாராம். அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். அந்தப் பிணங்களை வர்ணித்துக்கொண்டிருந்ததும் அடியேன்தான்! அதனால பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கு. ஆனா அவர் சொன்னது முழுக்கத் தப்புன்னு சொல்ல வரலை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விளையாட்டு. இதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. திரையும் கிடையாது, பட்டனும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுறேன்" என்று சொல்வார்கள். திறந்ததா, ஓட முடிந்ததா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும். எங்களிடம் அந்தப் பகடை இல்லை. 1 முதல் 20 வரை சீட்டு எழுதி, ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக் குலுக்குறோம். (சீட்டு கிழிக்கக் கணக்கு நோட்டைப் பயன்படுத்தியதற்கு எங்கள் கணக்கு சாரிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

இந்த விளையாட்டின் கற்பனை உலகம் ஒன்றில் நெவர்விண்டர் என்று ஒரு நகரம் உண்டு. கடற்கரை ஊர். அதன் நடுவே ஓடும் ஆறு குளிர்காலத்திலும் உறையாது. கைவினைஞர்களுக்குப் பேர்போனது. ஆற்றின் மேல் மூன்று பாலங்கள்: டால்ஃபின் பாலம், சிறகு வைவெர்ன் பாலம், தூங்கும் டிராகன் பாலம். வைவெர்ன் என்றால் இரண்டு கால் உள்ள டிராகன் மாதிரி ஒரு பிராணி.

இதே நகரத்துக்கு ஒரு நிழல் உண்டு. அதன் பெயர் எவர்நைட். ஷேடோஃபெல் என்ற நிழல் உலகத்தில் அது இருக்கிறது. தெருக்களின் போக்கு நெவர்விண்டரைப் போலத்தான் இருக்கும். ஆனால் கட்டடங்கள் இடிந்த கல்லும் உளுத்த மரமும். கல்லறைக் கற்களை உடைத்துப் போட்ட சாலை. சாம்பல் நிற வானம். அங்கே பிணங்கள்தான் குடிமக்கள், மனிதர்கள் சந்தையில் விற்கும் மாமிசம். 2011-ல் வந்த நெவர்விண்டர் புத்தகத்தில் இந்த ஊர் இருக்கு. அங்கே போகிற வழிகள் இருட்டில் மட்டும்தான் திறக்கும், வெளிச்சம் பட்டால் மூடிக்கொள்ளும். 2016-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு அதில் வரும் தலைகீழ் உலகம் ஞாபகத்துக்கு வரலாம். அந்தத் தொடரின் பிள்ளைகள் விளையாடுவதும் இதே விளையாட்டுதான்.

கேட்டால் வெறும் பேய்க் கதை மாதிரி இருக்கும். ஆனால் நான் கதை சொல்லிப் பார்த்ததில் தெரிந்துகொண்டது வேறு. நேராக எவர்நைட்டில் கொண்டுபோய் விட்டால் யாருக்கும் பயமே வராது! முதல் தடவை அப்படித்தான் செய்தேன். பிணம் வந்தது, வெட்டினார்கள், அடுத்த பிணம் வந்தது, சிரித்தார்கள். இரண்டாம் தடவை நாலு வாரம் நெவர்விண்டரிலேயே வைத்துக்கொண்டேன். பாலத்து ஓரத்தில் ரொட்டி சுடும் கிழவி, கூலி தராமல் ஏமாற்றும் துணி வியாபாரி, ஒரு நொண்டி நாய். எல்லாரும் அவர்களுக்குப் பழகிப்போனார்கள். அஞ்சாவது வாரம் அதே பாலம், அதே முனை, அதே அடுப்பு. அடுப்பில் நெருப்பு இல்லை, கிழவியும் இல்லை. நாய் மட்டும் நின்றது. ஒருத்தனும் பேசலை. கத்தியை உருவவும் இல்லை. நமக்குப் பழகிய இடம் நம்மைத் தெரியாதது மாதிரி இருந்தால்தான் பயம் வரும் போல.

இப்போ ஆட்சேபணைக்கு வருகிறேன். இது புதிதல்ல. 1980-களில் அமெரிக்காவில் பெற்றோர்களும் சில மத அமைப்பினரும், இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் கொண்டுபோகும் என்று பெரிய பிரசாரமே செய்தார்கள். அது உண்மை என்று நிரூபிக்கப்படவே இல்லை. ஆனாலும் கம்பெனி பயந்துபோய், 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களை எடுத்துவிட்டு வாயில் நுழையாத புதுப் பெயர்களை வைத்தது. கொம்பும் நகமும் அப்படியேதான் இருந்தன. மாரியம்மன் கோயில் திருவிழாவில் பேய் வேஷம் பார்த்தே வளர்ந்த நமக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

அதனால் தங்கை சொன்ன "பேய்" என்ற காரணத்தை நான் ஏற்கவில்லை. வேறொரு காரணத்தை ஏற்கிறேன்.

எங்கள் ஐவரில் ஒருவனுக்குப் போன வருஷம் அப்பா தவறிவிட்டார். (இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேர் போடாதடா" என்றான், அவ்வளவுதான்.) விளையாட்டில் அவனுடைய பாத்திரத்தின் அப்பா டால்ஃபின் பாலத்துக்கு அந்தப் பக்கம் பூட்டுக் கடை வைத்திருப்பவர். நிழல் ஊரிலும் அந்தக் கடை இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோணிச்சு. ரொம்ப நல்ல கட்டம் என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்தேன். கடை இருக்கிறது. அப்பா உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும் தம்பி?" என்று யாரோ வாடிக்கையாளரிடம் கேட்பது மாதிரி கேட்கிறார்.

அவன் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தான். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போனவன் வரவில்லை. இரண்டு வாரம் எங்க பக்கமே திரும்பலை.

எவர்நைட் மாதிரி இடங்களுக்கு விளையாட்டிலேயே ஒரு விதி உண்டு. 2014-ல் வந்த கதைசொல்லிக்கான புத்தகத்தில் இருக்கு. நிழல் உலகத்தில் இருக்கிற பாத்திரம் அவ்வப்போது பகடை போட்டு, தன் மனத்திடத்தையும் சேர்த்துப் 10 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் விரக்தி பிடித்துக்கொள்ளும். நான் அந்த விதியை மனப்பாடமாக வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கவில்லை. விளையாடுகிற ஆட்களைப் பற்றியும் பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள். 2013-ல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் ஒரு வழி சொன்னார்: எக்ஸ் என்று எழுதிய அட்டை நடுவில் இருக்கும். யார் தொட்டாலும் அந்தக் கட்டம் ரத்து, காரணம் சொல்ல வேண்டாம். 2020-ல் வந்த டாஷா புத்தகத்தில், விளையாட்டு தொடங்கும் முன்பே உட்கார்ந்து எது வரலாம், எது வரக்கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. ஒரு சீட்டில் பேனாவால் எக்ஸ் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்றாவது வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். இனிமே அந்த ஊருக்கே போக மாட்டோம், எடுத்துடறேன் என்றேன். அவன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "அப்பாவைக் கொண்டு வந்ததுக்கு எனக்குக் கோவம் இல்லைடா. என்னைத் தெரியாத மாதிரி ஏன் வெச்சே? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றான்.

ஆகவே என் கருத்து இதுதான். தலைமையாசிரியர் அவர்கள் இந்த விளையாட்டைத் தடை செய்ய யோசிப்பதாகக் கேள்விப்பட்டோம். வேண்டாம் ஐயா. வகுப்பு நேரத்தில் ஆட மாட்டோம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் காதில் விழாதபடி மரத்தடிக்கு மாறிக்கொள்கிறோம். எக்ஸ் அட்டை தயார், எழுதியது நான்தான். பயந்துபோன தங்கைக்கும் ஒரு பாத்திரம் காத்திருக்கு. முதல் நாலு வாரம் நெவர்விண்டரில்தான் இருப்போம்.

அந்தப் பூட்டுக் கடையை இன்னும் கதையில் வைத்திருக்கிறோம். உள்ளே போவதா, தாண்டிப் போவதா என்று அவனே சொல்கிறேன் என்றிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை மதியம் மரத்தடி. பென்சில் கொண்டு வரவும், சீட்டு நாங்கள் தருகிறோம்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்