நேர்த்திக்கடனுக்கு உண்டியல், டைவிங் ட்ரிப்புக்கு மட்டும் ஏன் ஈஎம்ஐ?

மாலத்தீவு 'லிவ்அபோர்டு' ரீல்ஸ் உங்க ஃபீட்லயும் வந்திருக்கும். ஒரு வாரம் கப்பல்லயே தங்கி, தினமும் மூணு, நாலு முறை ஸ்கூபா டைவிங். கீழேயே 'நோ காஸ்ட் ஈஎம்ஐ', 'டிராவல் லோன்' விளம்பரம். போகாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. கடன் வாங்கிப் போகாதீங்க, முதல் டைவையே அங்க பண்ணாதீங்க. இந்த ரெண்டுதான் என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம்

மொத்தச் செலவு 2.5 லட்சம்னு வச்சுக்குவோம். 16% வட்டியில் 24 மாத பர்சனல் லோன் எடுத்தா ஈஎம்ஐ சுமார் 12,240 ரூபாய். கட்டி முடிக்கும்போது 2.94 லட்சம் ஆயிருக்கும். அதுவே மாசம் 10,000 ரூபாயை 6.5% ஆர்.டி.யில் 24 மாசம் போட்டா, வரிக்கு முன் 2.56 லட்சத்துக்கு மேல கையில இருக்கும். நீங்க போட்டது 2.4 லட்சம்தான். அதே ட்ரிப், ஆனா வித்தியாசம் 50,000 ரூபாய்க்கு மேல.

கப்பல் கட்டணம் மட்டும் செலவில்ல

- கருவி வாடகை, நைட்ராக்ஸ், கிரீன் டாக்ஸ், ஊழியர்களுக்கு டிப்ஸ் பல பேக்கேஜ்ல தனி.
- கார்டில் டாலர்ல கட்டினா ஃபாரெக்ஸ் மார்க்அப் சேரும்.
- இந்திய ஏஜென்ட் மூலமா வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. ஐடி ரிட்டர்ன்ல சரிக்கட்டலாம், ஆனா அதுவரை உங்க பணம் முடங்கும்.
- சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸ் பலதும் ஸ்கூபாவை கவர் பண்ணாது. பாலிசியைப் படிச்சுப் பாருங்க.
- பல நாள் டைவ் பண்ணினா, விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்கணும். அதுக்கும் ஒரு நாள் லீவு வேணும்.

முதல்ல சின்னதா ருசி பாருங்க

லிவ்அபோர்டுங்கறது மொத்த விலைக்கு வாங்குற மாதிரி. டைவிங் பிடிக்குமா, கப்பல்ல வாந்தி வருமான்னு தெரியாம மொத்தமா வாங்காதீங்க. நம்ம வேளாங்கண்ணி கரை மணல் கரை, பவளப்பாறை பார்க்க முடியாது. ஆனா புதுச்சேரியிலயே அறிமுக டைவ் பண்ணலாம். பிடிச்சா அந்தமான் ஹேவ்லாக்ல ஓப்பன் வாட்டர் கோர்ஸ். அதுல 18 மீட்டர் வரை இறங்கலாம். 30 மீட்டருக்கு அட்வான்ஸ்டு வேணும். பல லிவ்அபோர்டுகள் அதையும், முன் டைவ் அனுபவத்தையும் கேட்கும். ஆக, அந்த ரெண்டு வருஷம் வீணாகாது. பணமும் சேரும், பயிற்சியும் சேரும்.

'வயசு போனா முடியாதே ப்ரோ!'

ஸ்கூபாவுக்கு உச்ச வயசு வரம்பு எதுவும் இல்ல, உடம்பு ஃபிட்டா இருந்தா போதும். 25 வயசுல ஆசைப்பட்டதை 27-ல செய்றதால எதுவும் குறைஞ்சிடாது.

ஆனா ஈஎம்ஐயால் குறையும். குறிப்பா டெல்டாவிலிருந்து சென்னை, பெங்களூருக்கு வேலைக்கு வந்தவங்க யோசிங்க. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கலைன்னா குறுவை தடுமாறும். அறுவடை நேரத்துல மழை கொட்டினா சம்பா சாயும். அப்போ அப்பா முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவார். ஆர்.டி. போட்டிருந்தா அதை உடைச்சு வீட்டுக்கு அனுப்பலாம். ட்ரிப் தள்ளிப்போகும், அவ்வளவுதான். லோன்ல போயிட்டு வந்திருந்தா, ட்ரிப்பும் முடிஞ்சிருக்கும், கையும் கட்டிப்போட்டிருக்கும்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்கும் வேளாங்கண்ணி வர்ற குடும்பங்களைப் பாருங்க. பலர் வீட்ல மாதாவுக்குன்னு தனி உண்டியல் இருக்கும். வருஷம் பூரா சில்லறை போட்டு, நிறைஞ்சதும் கிளம்புவாங்க. பேர்லயே கடன் இருக்கிற நேர்த்திக்கடனையே நம்ம ஆளுங்க சேர்த்து வச்சுத்தான் செலுத்துறாங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது: ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா முதல்ல அது. இருந்தா, 'கடல்'னு பேர் வச்சு ஒரு ஆர்.டி. தொடங்குங்க. ஆர்.டி. vs லோன் கணக்கை நம்ம சேனல் வீடியோவில் படிப்படியா போட்டிருக்கோம். உங்க தொகையைப் போட்டுப் பாருங்க.