இலை சுருண்டால் முதலில் புரட்டிப் பாருங்கள்

மிளகாய்ச் செடியில் கொழுந்து சுருண்டதும் பல விவசாயிகள் நேரே உரக்கடைக்குத்தான் செல்கிறார்கள். "இலை சுருட்டுது, மருந்து கொடுங்க" என்று கேட்டதும், இரண்டு மூன்று புட்டிகள் கைக்கு வந்துவிடுகின்றன. பயிரைப் பார்க்காமலே வைத்தியம் முடிந்துவிடுகிறது. குன்றக்குடிப் பக்கத்துக் கிணற்றடித் தோட்டமானாலும், இளையான்குடிப் பக்கத்து மானாவாரி முண்டு மிளகாயானாலும் இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

சுருட்டை என்பது ஒரே நோயின் பெயர் அன்று. முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு.

இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு படகு போல் நின்றால் அது இலைப்பேன். கொழுந்தை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் மிகச் சிறிய பூச்சிகள் ஓடுவது தெரியும். இலை கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த படகு போலாகி, காம்பும் நீண்டிருந்தால் அது முரணைச் சிலந்தி. இது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. இளம் இலையின் அடிப்பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பார்க்க வேண்டும். இலை சிறுத்து, வெளுத்து, நரம்பு தடித்து, செடியும் குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். இதைக் குணமாக்க மருந்து இல்லை. தொடக்கத்திலேயே அத்தகைய செடிகளைப் பிடுங்கி அழித்து, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதே வழி.

முரணைச் சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு எட்டுக் கால். இலைப்பேனுக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது. செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளோ, சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் உயிரிகளைக் கொன்று, சிலந்தி மேலும் பெருக வழி செய்கின்றன. காசு கொடுத்து நோயை வளர்ப்பது என்பது இதுதான். அரை ஏக்கர் மிளகாயை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு, வீணாகும் ஒவ்வொரு தெளிப்பும் வட்டிக்கு வாங்கிய பணம்.

இலைப்பேன் தொடக்க நிலையில் இருந்தால், அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 10 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். சிலந்திக்கு, நனையும் கந்தகத் தூள் 10 லிட்டர் நீருக்கு 30 கிராம் போதும். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். பழைய சிபாரிசுகளில் காணப்படும் டைகோபால் 2023-ஆம் ஆண்டு ஆணையால் தடை செய்யப்பட்டுவிட்டது.

வருமுன் காப்பதும் உண்டு. மிளகாயோடு வெங்காயத்தைக் கலந்து பயிரிட வேண்டாம். இரண்டையும் இலைப்பேன் தாக்கும். அகத்தியை ஊடுபயிராக வைக்கலாம். நாற்றுகளின்மேல் நீர் தெளித்தால் இலைப்பேன் பெருக்கம் குறையும்.

வாசலில் தொட்டியில் நிற்கும் சோற்றுக்கற்றாழைக்கும் இதே நியாயந்தான். மண் காய்ந்தாலும் மடல் குழிந்து சுருளும். நீர் தேங்கி வேர் அழுகினாலும் சுருளும். வேரைப் பாராமல் தண்ணீர் ஊற்றினால், அழுகிய செடி அடியோடு போய்விடும்.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடைக்காரர் எந்தப் பூச்சிக்கு மருந்து தருகிறார் என்பதைப் பில்லில் எழுதித் தர வேண்டும். தோட்டக்கலை அலுவலர்கள் வாரம் ஒரு நாளாவது ஊர்ப் பொதுவிடத்தில் அமர்ந்து, விவசாயிகள் கொண்டுவரும் இலைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குன்றக்குடி அடிகளார் விஞ்ஞானிகளின் துணையோடு கிராம முன்னேற்றத்திற்குத் திட்டமிட்ட ஊர் இது. இன்று வேளாண் அறிவியல் நிலையமும் இங்கேயே உள்ளது. இந்த ஏற்பாட்டை இங்கிருந்தே தொடங்குவது பொருத்தம்.

அதுவரை ஒவ்வொரு விவசாயிகள் குழுவும் பொதுவில் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஒரு புட்டி மருந்தின் விலைகூட ஆகாது. இலையைப் புரட்டிப் பார்த்த பிறகே கடைப்படி ஏறுங்கள்.