மோட்டார் மேல பழி போடறதுக்கு முன்னாடி

தில்லியில நம்ம குடும்பங்கள்ல பேட்டரி சைக்கிள் இப்போ அங்கங்கே கண்ணில் படுது. மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் போக, மதர் டெய்ரி பூத்துக்குப் போக, சனிக்கிழமை மலை மந்திர் போக என்று நல்ல உபயோகம்தான். ஆனா கூடவே புலம்பலும் கேட்குது. "தானா ஓடுது", "ஃப்ளைஓவர் ஏறும்போது படுத்துடுது", "கிளம்பும்போது நடுங்குது". கடைக்குக் கொண்டு போனா பெரும்பாலும் ஒரே தீர்ப்பு: மோட்டார் போச்சு, இல்லேன்னா கண்ட்ரோலர் போச்சு, மாத்திடுங்க.

இந்தத் தீர்ப்பை அப்படியே ஒத்துக்கக் கூடாது என்பது என் கட்சி.

நான் படிச்சது பி.காம். மின்சாரம் பத்தி பள்ளிக்கூடத்தில் படிச்சதோடு சரி. ஆனா கணக்கு டேலி ஆகலேன்னா பேங்க்ல எடுத்தவுடனே கேஷியர் சட்டையைப் பிடிக்க மாட்டோம். வித்தியாசம் எவ்வளவுன்னு பார்ப்போம். 9-ஆல வகுபட்டா, யாரோ 54-ஐ 45-ன்னு இடம் மாத்தி எழுதியிருக்கலாம். தப்போட உருவமே தப்பு இருக்கற இடத்தைச் சொல்லும். சைக்கிளும் அப்படித்தான்.

பெடலை நிறுத்தின பிறகும் மோட்டார் ஓடுதா? ஒரு நொடி தாமதம் பல சைக்கிள்ல சகஜம். அதுக்கு மேல போனா பெடல் பக்கத்துல இருக்கற காந்தத் தட்டையும் சென்சாரையும் பாருங்க. தட்டு ஆடினாலோ, சேறு அப்பியிருந்தாலோ, மிதிக்காமலே மிதிக்கற மாதிரி சிக்னல் போகும்.

பெடல் போட்டும் மோட்டார் விட்டு விட்டு வருதா? பிரேக் லீவர் முழுசா திரும்பி வருதான்னு பாருங்க. அதுக்குள்ளே இருக்கற ஸ்விட்ச், பிரேக் பிடிச்சா மோட்டாரை நிறுத்தணும். அது ஒட்டிக்கிட்டா, யாரோ எப்பவும் பிரேக் பிடிச்சிருக்கறதா கண்ட்ரோலர் நினைச்சுக்கும்.

நின்ன இடத்திலிருந்து கிளம்பும்போது உறுமி நடுங்குதா? மோட்டாருக்குப் போற கனெக்டர் தளர்ந்திருக்கலாம், இல்லேன்னா உள்ளே இருக்கற ஹால் சென்சார்.

மேம்பாலத்தில் படுத்து, ரெண்டு நிமிஷம் கழிச்சு உயிர் வருதா? பேட்டரியைச் சந்தேகப்படுங்க. 36 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும். மேடு ஏறும்போது கரண்ட் அதிகமா இழுக்க, வோல்டேஜ் சரியும், பாதுகாப்புக்காக கண்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திடும். ஜனவரிக் குளிரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பழைய பேட்டரின்னா கேக்கவே வேண்டாம்.

எங்க வீட்டு சைக்கிள் போன ஜூலை மழையில் நனைஞ்சது. மறுநாள் சிக்னல்ல நிக்கும்போது மகள் கையைக் காலை அசைக்காமலே அது ஒரு முழம் முன்னால நகர்ந்திருக்கு. எதிரே டிடிசி பஸ். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கண்ட்ரோலர்னு சொல்லிட்டார். வீட்டுக்கு வந்து பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பேட்டரியை அணைச்சு, கைப்பிடி ஆக்சிலரேட்டரோட கனெக்டரை மட்டும் கழட்டினேன். திரும்ப ஆன் பண்ணினா மோட்டார் அடங்கிடுச்சு. கனெக்டருக்குள்ளே தண்ணி. ஆக்சிலரேட்டரை மாத்தினதும் சரியாப் போச்சு.

சென்சார் பொய் சொல்றது சைக்கிளுக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை. 2024 மே 29 அன்னிக்கு தில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரின்னு பதிவாகி நாடே அலறியது ஞாபகம் இருக்கா? வானிலைத் துறை போய்ச் சோதிச்சுப் பார்த்ததில், அங்கே இருந்த சென்சார் 3 டிகிரி கூடுதலாக் காட்டினது தெரிஞ்சது. அதுக்காக யாரும் சூரியனை மாத்தலை :-)

இதில் காசு மட்டும் விஷயம் இல்லை. பெடல் அசிஸ்ட் சைக்கிளுக்கு லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்பதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 நிபந்தனை வெச்சிருக்கு. மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே இருக்கணும். வேகம் ஏற ஏற உதவி குறைஞ்சு, 25 கிலோமீட்டரில் நிக்கணும். மிதிக்கறதை நிறுத்தினா அதுக்கு முன்னாடியே நிக்கணும். அதாவது "மிதிக்காட்டி ஓடாது" என்பதுதான் அதைச் சைக்கிள்னு ஒத்துக்கறதுக்கே அடிப்படை. தானா ஓடற சைக்கிளைக் காட்டினா "சல்தா ஹை, ஸார்"னு சொல்ற கடைக்காரருக்கு இது புரியணும். வாங்கற நமக்கும் புரியணும். பதினாறு வயசுப் பிள்ளை கையில் கொடுக்கற வண்டி இது.

2022-ல தில்லி அரசு முதல் 10,000 பேட்டரி சைக்கிளுக்கு 5,500 ரூபாய் வரை மானியம் அறிவிச்சது. வாங்க வைக்கறதுக்கு அது சரி. ரிப்பேருக்கு? ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் செயினும் டயரும் எந்தக் கம்பெனி சைக்கிளுக்கும் கிடைக்கும். சென்சார் அப்படி இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி கனெக்டர் வேற, ஒயர் கலர் வேற. அதே 2022-ல மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்கு ஒரு கமிட்டி போட்டு, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வாகனம், மொபைல், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி எல்லாம் அதில் உண்டு. பேட்டரி சைக்கிளும் அந்த வரிசையில் சேரணும். ஒயரிங் படத்தைக் கம்பெனி வெளியிடணும். பஞ்சர் ஒட்டற பையனே சென்சார் மாத்தற நிலைமை வரணும்.

அது வர்ற வரைக்கும் கோளாறு எப்போ வருது, மழையிலா, மேட்டிலா, குளிரிலான்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. பேட்டரி பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீங்க, அது தீயோட விளையாட்டு. தானா ஓடற வண்டியை, சரியாகற வரைக்கும் பேட்டரியைக் கழட்டிட்டு மிதிச்சே ஓட்டுங்க.

புதுசா வாங்கறவங்க, எத்தனை கிலோமீட்டர் போகும்னு கேட்கறதோடு, சென்சார் தனியா கிடைக்குமா, யார் மாத்துவாங்கன்னும் கேளுங்க. பதில் இல்லேன்னா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க. என்ன சொல்றீங்க?