கரை சேர்ந்தவரும் கணக்கில் சேராதவரும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பீரங்கியும் குண்டும், வென்றவர் தோற்றவர் பெயர்களுமே. தேர்வுக்காக நாம் படிக்கும் இரண்டாம் உலகப் போர், 1945 செப்டம்பர் 2ஆம் நாள் டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டதோடு முடிந்துவிடுகிறது. விடைத்தாளில் அதற்கு மேல் எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஒரு போரின் கணக்கு அது முடிந்த மறுநாள்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஆஸ்திரேலியக் கடற்படை அந்நாளில் ஆற்றிய பணியை இதற்குச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

கொட்டச்சேட்டில் காபித் தோட்டங்களுக்கிடையே வளர்ந்தவனுக்குக் கடற்படையோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவலாம். உறவு உண்டு, அதைப் பின்னர் கூறுகிறேன்.

டோக்கியோ விரிகுடாவில் அன்று ஷ்ராப்ஷயர், ஹோபார்ட், வாரமுங்கா முதலிய ஆஸ்திரேலியக் கப்பல்களும் நின்றன. ஆஸ்திரேலியாவின் சார்பில் தளபதி பிளேமி கையெழுத்திட்டார். விழா அத்துடன் முடிந்தது, வேலை முடியவில்லை. பசிபிக் தீவுகளில் சிதறிக் கிடந்த ஜப்பானியப் படைகளிடம் தீவு தீவாகச் சென்று சரணாகதி பெற வேண்டும். கடலில் மிதந்த கண்ணிவெடிகளை வாரி அகற்ற வேண்டும். சிறைப்பட்டோரை வீடு சேர்க்க வேண்டும். இதில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. வாரனம்பூல் என்னும் சிறு கப்பல் கண்ணி அகற்றும் பணியிலேயே வெடியில் சிக்கி மூழ்கியது. அது 1947 செப்டம்பரில், போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆன பின்பு!

நியூ பிரிட்டன் தீவின் ரபாவுலில் இருந்த ஜப்பானியப் படை 1945 செப்டம்பர் 6ஆம் நாள் பணிந்தது. அங்கு இறங்கிய ஆஸ்திரேலியர், ஆயிரக்கணக்கான இந்தியப் போர்க் கைதிகளைக் கண்டனர். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பிடிபட்டு, பசிபிக்கின் மறுகோடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, கூலிகளாக உழைக்க வைக்கப்பட்ட நம் நாட்டுச் சிப்பாய்கள் அவர்கள்.

என் நெஞ்சைத் தொட்டது நவூருவின் கதை. அந்தச் சின்னஞ்சிறு தீவின் மக்களில் சுமார் 1,200 பேரை 1943இல் ஜப்பானியர் ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தினர். 1945 செப்டம்பர் 13 அன்று டயமன்டினா என்னும் ஆஸ்திரேலியக் கப்பலில் நவூருவின் சரணாகதி நிகழ்ந்தது. நாடு கடத்தப்பட்டவர்களில் உயிர் தப்பிய 737 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரியென்சா என்னும் கப்பல் 1946 ஜனவரி 31 அன்று நவூருவை அடைந்தது. எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் மீண்டனர் என்பது அம்மக்களுக்குத் தெரியும். 1968இல் விடுதலை பெற்றபோது, அதே ஜனவரி 31ஐயே தங்கள் சுதந்திர நாளாகத் தேர்ந்துகொண்டனர். கப்பல் திரும்பிய நாளே ஒரு நாட்டின் திருநாள் ஆயிற்று!

இனி நம் கதைக்கு வருவோம். பர்மாவையும் சயாமையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையை உலகம் 'மரண ரயில்பாதை' என்று அழைக்கிறது. அதில் சுமார் 13,000 ஆஸ்திரேலியக் கைதிகள் உழைத்தனர். ஏறத்தாழ 2,800 பேர் மடிந்தனர். போர் ஓய்ந்ததும் மனுண்டா என்னும் ஆஸ்திரேலிய மருத்துவக் கப்பல் சிங்கப்பூருக்கு விரைந்து கைதிகளை ஏற்றிச் சென்றது. அதே 1945 செப்டம்பரில், விடுதலையான கைதிகளில் சிலர் தாமாக முன்வந்து, மீண்டும் அந்தப் பாதை நெடுகச் சென்று 144 இடுகாடுகளையும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளையும் கண்டறிந்தனர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்று பெயர் பொறித்த வரிசைகளைக் காணலாம்.

அதே பாதையில் கைதிகளைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர் உழைத்தனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் கொண்டு செல்லப்பட்டவர்களுள் தமிழரே மிகுதி. காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. மாண்ட தமிழர் எத்தனை பேர்? உறுதியான கணக்கு இல்லை, மதிப்பீடுகளே உள்ளன. ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு எண்ணைச் சொல்கிறது.

இங்கேதான் நான் முன்பு சொன்ன உறவு வருகிறது. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு ஆகியவற்றோடு நம் சேலமும் ஒன்று. தோட்டத்து வழக்கம் எங்கள் மலையில் அனைவரும் அறிந்தது. காலையில் பெயர் எழுதாமல் ஒருவரும் வேலைக்கு இறங்க முடியாது. பெயர் இல்லையேல் கூலி இல்லை. உழைக்கும்போது நாள்தோறும் எழுதப்பட்ட பெயரை, இறந்தபோது எழுத ஓர் ஏடு இல்லாமற் போயிற்று. இதைவிடக் கொடுமை உண்டோ?

மற்றொரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட பாதர்ஸ்ட் வகைச் சிறு போர்க்கப்பல்களில் நான்கு, அன்றைய இந்தியக் கடற்படைக்கு உரியவை. அவற்றுள் சிட்னியில் கட்டப்பட்ட ஒன்றின் பெயர் 'மதராஸ்'. அந்தக் கப்பல் எங்கே கட்டப்பட்டது, எந்த ஆண்டில் பணியில் சேர்ந்தது என்பதெல்லாம் ஏட்டில் உள்ளன. மதராஸ் மாகாணத்தின் மக்களுக்குத்தான் ஏடு இல்லை.

வெள்ளையர் தம் இனத்தாரை எண்ணினர், அதைப் புகழ்வானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நவூருவில் பாஸ்பேட் சுரங்கம் இருந்ததால்தான் அக்கறை என்றும் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ட்ரியென்சாவும் பாஸ்பேட் வணிகத்துக்கான கப்பலே. ஆயினும் பிறர் நம்மை எண்ணவில்லை என்று குறை கூறும் நாம், எண்பது ஆண்டுகளாக நம்மவரை எண்ணினோமா? இதற்கு விடை சொல்லாமல் பிறரைக் குறை கூறுவதில் பயனில்லை.

காஞ்சனபுரியில் அண்மை ஆண்டுகளில் அத்தமிழருக்காக நடுகல் ஒன்று எழுப்பப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. சேலம், தருமபுரி, செங்கம் பகுதிகள் பழைய நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. மாண்டவன் பெயரையும் ஊரையும் கல்லில் பொறிப்பது நம் மரபு. புதிய நடுகல்லுக்கு உரிய பெயர்களைத் தேடித் தர வேண்டியவர் யார்?

மாணவ நண்பர்களே, அது நம் கடமை என்பேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமங்களுக்குச் செல்கிறோம். சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அங்குள்ள பெரியவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்போம்: "உங்கள் வீட்டிலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா?" கிடைக்கும் பெயர், ஊர், போன ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் அதைச் சரிபார்த்து நம் கல்லூரி நூலகத்தில் வைக்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன். கேட்டறிந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அடுத்த முகாமுக்கு ஒத்திப்போட இது ஏற்ற பணியன்று.